எண்ணெய் பட்ட நோட்டு

மூன்றாவது பணமாற்றுக் கடையிலும் அதையேதான் சொன்னார்கள். முதல் கடை திருவள்ளூரில், இரண்டாவது அம்பத்தூரில், மூன்றாவது எழும்பூரில். இங்கே சொன்னவர் கண்ணாடி போட்ட பெரியவர், பொறுமைசாலி. அதனாலேயே செண்பகத்துக்குக் கோபம் கூடுதலாக வந்தது. எரிந்து விழுகிறவனாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வரலாம். இவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முடியாது என்றார்.

"நோட்டு நல்ல நோட்டுதாம்மா. கள்ள நோட்டுன்னு நான் சொல்லல. இங்க பாருங்க."

பத்து தினார் நோட்டு ஒன்றை எடுத்து மேசை விளக்குக்கு நேரே பிடித்தார். பின்பக்கத்து ஒட்டகத்துக்கு மேலே, மூலையில், சின்னச் சிலுவை வடிவில் காகிதம் வெளுத்து வெளிச்சம் உள்ளே வந்தது. பக்கத்தில் நீலப் பேனாவில் ஒரு டிக்.

"எண்ணெய்க் கறை. பேனாக் கிறுக்கல். நூத்திப்பத்து நோட்டுலயும் இருக்கு. வெளிநாட்டு நோட்டு இப்படி இருந்தா எங்ககிட்டேருந்து மேல வாங்க மாட்டாங்க. எங்க கையிலயே நின்னுடும். யாரும்மா வரைஞ்சது, குழந்தைங்களா?"

செண்பகம் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவளோடு வந்திருந்த கொழுந்தன் ஜெயராஜ் அண்ணியைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான், "ஆமா சார், கொழந்தைங்க" என்றான்.

கும்மிடிப்பூண்டிக் கம்பி ஆலையில் அவனுக்கு முந்தின நாள் இரவு ஷிப்ட். காலையில் வீட்டுக்குப் போகாமல் நேரே அண்ணியோடு ரயிலேறியவன். கண் சிவந்திருந்தது. கடைக்கு வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, குடை ஒன்றுதான் இருந்தது. அதை அவள் பைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். இருவரும் நனைந்தார்கள்.

"இன்னாத்துக்கு அண்ணி கொட புடிக்கிற. இனிமே அது நனைஞ்சா இன்னா, காஞ்சா இன்னா."

"வாய மூடிகினு வா."

செண்பகத்தின் கணவன் எபினேசர் குவைத்துக்குப் போய் அடுத்த மாதத்தோடு ஐந்து வருஷம், நடுவில் லீவுக்குக்கூட வரவில்லை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் காக்களூர் எஸ்டேட்டில் லக்ஷ்மண் சார் பட்டறையில் வெல்டர். அவன் அப்பா திருப்பாச்சூர் பக்கம் அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியவர். மகன் நெருப்புக்கு மாறினான், பேத்தி ஏஞ்சல் பன்னிரண்டாம் வகுப்பில் காமர்ஸ் படிக்கிறாள். கம்பெனிச் சம்பளம் மாதாமாதம் வங்கியில் வந்து, மாதாமாதம் போய்விடும். செண்பகத்தின் கழுத்தில் இருந்தது போன வருஷம் வீட்டுக்குத் தளம் போட்டபோது அடகுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. சேமிப்பு என்று இருந்தது இந்த நோட்டுகள்தான்.

இவை வெள்ளிக்கிழமைக் காசு. குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு எபினேசர் கம்பெனிக்குத் தெரியாமல் வீடுகளுக்குப் போய் கேட், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று வெல்டிங் செய்வான். விசாவில் அதற்கு இடமில்லை. கூலியைக் கையில் கொடுப்பார்கள். வங்கியில் போட்டால் ஏது என்று கேட்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவனுக்கு ஒரு யோசனை இருந்தது.

"நோட்டாவே வையி செம்பா. ரூபாயா மாத்தினா உன் தங்கச்சிக்கு வளைகாப்பு, என் தம்பிக்கு பைக்குனு பூடும். தினாரா கெடந்தா எவனும் வந்து கேக்க மாட்டான். நாளுக்கு நாள் வெலையும் ஏறிகினே இருக்கும். நான் வந்து பட்டறை வெக்கும்போது மாத்திக்கலாம்."

இதைச் சொன்னவன் எபினேசர். நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவன் மறந்துவிட்டான்.

ஊருக்கு லீவில் வரும் ஆட்கள் கையில் நாலு நோட்டு, ஆறு நோட்டு என்று கொடுத்தனுப்புவான். பிஸ்கட் டின்னிலும் தைல டப்பாவிலும் வைத்து வரும். அவர்கள் போகும் ஜெப வீட்டில், வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் முதலில் ஜெபத்தில் வைத்து எண்ணெய் தொடுவது வழக்கம். மிக்ஸிக்குத் தொட்டிருக்கிறார்கள், ஏஞ்சலின் ஹால் டிக்கெட்டுக்குத் தொட்டிருக்கிறார்கள், ஜெயராஜின் பைக் டாங்கில் இன்றைக்கும் அந்தத் தடம் இருக்கிறது. செண்பகம் நோட்டுக்கும் தொட்டாள். சுண்டு விரலால் ஒரு சிலுவை, நோட்டுக்கு ஒன்று.

டிக் வேறு கதை. வருமானத்தில் பத்தில் ஒன்று தசமபாகம். தினாரை உடைக்க முடியாது, உடைக்கக் கூடாது என்று கணவன் உத்தரவு. ஆகவே ஒவ்வொரு நோட்டுக்கும் உரிய பங்கை அவள் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் காணிக்கைக் கவரில் போட்டாள். எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் அவளுக்கு வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நாற்பது கிலோ வெங்காயம் அரிகிற வேலை. நோட்டுக்கு அன்றைய விலைப்படி இருநூற்றைம்பது, இருநூற்று எண்பது ரூபாய் என்று கட்டி முடிந்ததும் பேனாவை எடுத்து ஒரு டிக். கட்டினதையே இரண்டு தரம் கட்டிவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை. நூற்றுப்பத்து நோட்டிலும் டிக் இருந்தது. பாக்கி வைக்கிற பெண் இல்லை அவள்.

இப்போது லக்ஷ்மண் சார் பட்டறையை விற்கிறார். திருவள்ளூர்க் கோயில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்து, இஞ்சினியரிங் படித்து, இரும்புக்கு வந்தவர். பெங்களூரில் மகள் ஜானவியோடு போய் இருக்கப் போகிறார். மூன்று வெல்டிங் செட், ஒரு பவர் பிரஸ், குழாய் வளைக்கிற மெஷின், ஷெட்டின் மிச்ச லீஸ், எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம். எபினேசர் என்பதால் முதலில் அவனிடம்தான் சொன்னார். வியாழக்கிழமைக்குள் மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது, அந்த ரசீதைக் காட்டினால் மீதிக்கு பேங்க் லோன். அதே வியாழக்கிழமைதான் எபினேசர் கம்பெனியில் கான்ட்ராக்டுக்குக் கெடு. கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் அடுத்த மாதம் டிக்கெட். போடமாட்டேன் என்று அவன் போர்மேனிடம் சொல்லி வைத்திருந்தான்.

எழும்பூரிலிருந்து திரும்பியது புதன்கிழமை மாலை. காலையில் வைத்த கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணி மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஜெயராஜ் தட்டைக் கழுவிக்கொண்டே ஒரு யோசனை சொன்னான்.

"எங்க மில்லுல யூனிபார்ம்ல கிரீஸ் பட்டா பவுடர் கொட்டி இஸ்திரி போடுவாங்க அண்ணி. எண்ணெய அப்படியே உறிஞ்சிடும். ஒரு நோட்டுல போட்டுப் பாக்கலாம்."

"சித்தப்பா, வேணா" என்றாள் ஏஞ்சல். "அது துணி."

"இதுவும் பஞ்சுதாம்மா. யூட்யூப்ல சொன்னான்."

மூஞ்சிப் பவுடரைக் கொட்டினார்கள். மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுத்தான். நோட்டு முழுக்க மல்லிகை வாசனை அடித்தது. சூட்டில் எண்ணெய் இளகி, சிலுவை போய் ஒரு வட்டமாகப் பரவியிருந்தது. டிக் அடித்த மை ஒட்டகத்தின் முதுகு வரைக்கும் இறங்கிவிட்டது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏஞ்சல்தான் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"ரெண்டாயிரத்தி எட்நூறு ரூபா" என்றாள் செண்பகம். "எத்தினி மூட்டை வெங்காயம் தெரியுமா அது."

"நான் இன்னா வேணும்னா பண்ணேன்? நீ பண்ணத சரி பண்ணத்தான் பாத்தேன். மூணு லட்சத்தையும் எண்ணெய் சட்டியில போட்டு எடுத்து வெச்சிகினு, ஒரு நோட்டுக்கு என்னக் கேக்கறியே."

"நூத்திப்பத்து தபா போட்டேன். ஒரு நாளாவது வந்து, இப்டி போடாத அண்ணினு சொன்னியா?"

"எனக்கு இன்னா தெரியும்? நீ பொட்டியத் தொறக்கவே உட மாட்டியே."

"அப்ப தெரியாதவன் பேசாத."

வீடியோ கால் வந்தது. எபினேசர் அறையில் இருந்தான். பின்னால் இரண்டடுக்குக் கட்டில், கொடியில் ஈரத் துணி. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வெளிச்சத்தில் கறுத்திருந்தது. காலையிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டவனுக்கு, 'இன்னும் ஆவல' என்று மட்டும் சொல்லிப் போனை வைத்திருந்தாள். இப்போது ஜெயராஜ் நோட்டைக் கேமரா முன்னால் பிடித்து விஷயத்தைச் சொன்னான். லைன் போய்விட்டதோ என்று ஏஞ்சல் போனை ஆட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயுமா?" என்றான் எபினேசர்.

"எல்லாத்துலயும்."

"ஒன்னு ரெண்டு கூட உடலையா?"

"ஒன்னு ரெண்ட மட்டும் எதுக்கு உடணும்?" என்றாள் செண்பகம். "உன் பணத்துக்குத்தான போட்டேன், யார் பணத்துக்கு?"

"செம்பா, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் பொட்டு வெக்கிற மாதிரி வெச்சிருக்கியே. நான் அம்பது டிகிரி வெயில்ல கேட்டு மேல உக்காந்துகினு கம்பிய ஒட்ட வெச்சி..."

"நான் மட்டும் குளுகுளுனா இருந்தேன்? நீ நோட்டு அனுப்பினியே, அதுக்குத் தசமபாகம் யாரு கட்டினது? என் சம்பளத்துல கட்டினேன். முப்பதாயிரம்."

"யாரு கட்டச் சொன்னா?"

"உன் நோட்ட உடைக்காதனு யாரு சொன்னா? ரூபாயா மாத்தாதனு யாரு சொன்னா? வந்த மாசமே மாத்திருந்தா நான் எண்ணெய் போட்டா இன்னா, பால்ல கழுவினா இன்னா?"

"நான் அப்டி சொல்லவே இல்ல. பத்திரமா வையினுதான் சொன்னேன்."

"தோ பாரு ஜெயராஜி, உங்க அண்ணன் சொல்லவே இல்லையாம்."

ஜெயராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சண்டை இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதனால் ஒருவராலும் ஜெயிக்க முடியவில்லை. கடைசியில் ஜெயராஜ் குறுக்கே வந்தான்.

"ஒரு புரோக்கர் கீறான்ணா, பாரிஸ் கார்னர் பக்கம். எப்படி இருந்தாலும் எடுத்துக்கறேன்றான். தினாருக்கு நூத்திமுப்பது."

"இருநூத்தி எண்பது போவுது. பாதி கூட இல்லையேடா. ஒன்னர லட்சத்த வெச்சிகினு அட்வான்ஸுக்கு இன்னா பண்ணுவ? அதுவும் மாட்டினா போலீஸ் பேஜாரு வேற. வேணாம்." எபினேசரின் குரல் தணிந்திருந்தது. "இங்க பேங்க்ல குடுத்தா எடுத்துப்பாங்க. அவங்க நாட்டு நோட்டு, அவங்க வாங்கித்தான் ஆவணும். பென்னி எப்ப திரும்பறான்?"

பென்னி கும்மிடிப்பூண்டிப் பையன், அவனோடு ஒரே அறை. லீவுக்கு வந்திருந்தான்.

"ஞாயித்துக்கெழம" என்றாள் செண்பகம்.

"வியாழக்கெழம கெடு."

"நான் காலைல போய் சாரப் பாக்கறேன். பத்து நாள் கேக்கறேன்."

"கேளு. இங்க மத்தியானம் பன்னெண்டு வரைக்கும்தான் ஆபீஸ். அதுக்குள்ள சொல்லு."

வியாழக்கிழமையும் அவள் கேண்டீனுக்கு லீவு போட்டாள். இரண்டு நாள் லீவு என்றால் அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு. காக்களூர் ஏரி நிரம்பி, எஸ்டேட் ரோட்டில் தண்ணீர் நின்றது. கண்டெய்னர் லாரிகள் தூக்கி அடித்த சேற்றில் புடவை பாதி நனைந்து பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாள். உள்ளே இரண்டு பையன்கள்தான் வேலை பார்த்தார்கள். பவர் பிரஸ்ஸின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தது. லக்ஷ்மண் சார் மேசையில் திருமண் டப்பா, ஜி.எஸ்.டி பைல், காப்பி பிளாஸ்க்.

"வாம்மா செண்பகம். உக்காரு. எபி வரான்னா எனக்கு நிம்மதி. இந்த மெஷினோட சத்தமே அவனுக்குத் தெரியும்."

அவள் நின்றபடியே சொன்னாள். எண்ணெயைப் பற்றியும் சொன்னாள். மறைத்துச் சொல்ல அவளுக்கு வராது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய வீட்டிலும் புதுசாக வருகிற எதுவும் பெருமாளைப் பார்க்காமல் பெட்டிக்குப் போகாது.

"எங்காத்துல குங்குமம் வெப்பா" என்றார். "ரூபா நோட்டுன்னா இங்க எவனும் கேக்கறதில்ல. அது வெளிநாட்டுக் காசுன்னு யாருக்குத் தோணும்."

"பத்து நாள் குடுங்க சார். பணம் கீது, இல்லனு சொல்லல. அது போய் மாறி வரணும், அவ்ளோதான்."

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார், மூடினார்.

"பாரும்மா. பசங்களுக்கு மூணு மாசச் சம்பளம் பாக்கி. தீபாவளி போனஸும் குடுக்கல. இன்னிக்கு சாயங்காலம் கணக்கு முடிக்கறேன்னு அவாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். கும்மிடிப்பூண்டிலேந்து ஒருத்தர் பத்து லட்சம் தரேன்றார், செக்கோட வந்து நின்னார். எபிக்காகத்தான் நாலு நாள் நிறுத்தி வெச்சேன். இந்தப் பத்து நாளை நான் யார்கிட்டேந்து எடுத்துக் குடுப்பேன், சொல்லு?"

தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த பையன்கள் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன், விமல், எபினேசரிடம் தொழில் கற்றவன். "அக்கா" என்றவன் மறுபடி தார்ப்பாயை மடிக்கக் குனிந்தான். மூன்று மாதச் சம்பளம் அவனுக்கும் வரவேண்டும்.

அவளுக்கு வாதாட நிறைய இருந்தது. பன்னிரண்டு வருஷம் இதே ஷெட்டில் கண்ணெரிய வேலை செய்தவன் என்று சொல்லலாம். ஆனால் இவர் கெட்டவராக இல்லை. எழும்பூர்ப் பெரியவரும் கெட்டவராக இல்லை. இரண்டு நாளாக ஒரு கெட்டவன் கூட எதிரே வரவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"சரி சார்" என்றாள்.

"காப்பி சாப்ட்டுப் போம்மா."

"வேணா சார். நேரமாவுது."

பட்டறைக்கு எதிரே டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் நின்று போன் பண்ணினாள். இங்கே பதினொன்றரை, அங்கே ஒன்பது. பின்னால் கிரைண்டர் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"முடியாதுன்ட்டாரு" என்றாள். "அவரு மேல தப்பு இல்ல. பசங்களுக்கு சம்பளம் குடுக்கணும்."

"உம்."

"நீ இன்னா பண்ணப் போற?"

"இன்னா பண்ணச் சொல்ற? கையெழுத்துப் போட வேண்டியதுதான். பட்டறை இல்லாம அங்க வந்து இன்னா பண்ணுவேன். திரும்ப எவன்கிட்டயாவது நாள் கூலிக்கு நிக்கணும். ஏஞ்சல் காலேஜ் வேற கீது."

"ரெண்டு வருசமா?"

"ரெண்டு வருசம்."

ஒரு லாரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது. அவள் நகரவில்லை. எபினேசர் கேட்டான்:

"செம்பா, கேக்கறேன்னு கோச்சுக்காத. எண்ணெய் போட்ட, சரி. மேல இருக்கிற ஒரு நோட்டுக்குப் போட்டா பத்தாதா? ஒவ்வொன்னுக்குமா உக்காந்து போட்டுகினு இருந்த?"

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை.

"சம்பளம் போன்ல மெசேஜா வருது. நம்பர்தான் வருது. நோட்டு நீ கையால எண்ணி அனுப்பினது. அஞ்சு வருசத்துல இந்த ஊட்டுக்கு உன் கை பட்டு வந்தது அது ஒன்னுதான். அத்தப் போய் தொடாம பொட்டியில போடச் சொல்றியா?"

"இனிமே நோட்டு அனுப்பல" என்றான். "மாத்தி பேங்க்லயே போட்டுடறேன்."

"போடு" என்றாள். டீக்கடைக்காரர் கொடுத்த டீயை வாங்கி, ஆறும் வரை கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மத்தியானம் பென்னி வந்தான். முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தான். வாசலில் செருப்பை விட்டு, "சீக்கிரம் குடுங்க அக்கா, ரோட்டுல கார் நிக்குது" என்றான். செண்பகம் கோழிக் குழம்பும் சோறும் வைத்து உட்கார வைத்தாள். எபினேசருக்கு வேர்க்கடலை உருண்டையும் வறுத்த கருவாடும் தனியாகக் கட்டியிருந்தாள்.

நோட்டுகளை ஏஞ்சல் எண்ணினாள். நூற்று ஒன்பதும், மல்லிகை வாசனை அடிக்கிற ஒன்றும்.

"இத்தையும் எடுப்பாங்களா?" என்று ஜெயராஜ் கேட்டான்.

"குடுத்துப் பாக்கறேன்ணா" என்றான் பென்னி. "ஏர்போர்ட்ல கேட்டா என் சம்பளம்னு சொல்லிடறேன். இன்னா, எண்ணெய் ஏன் கீதுனு கேட்டா இன்னா சொல்றதுனுதான் தெரியல."

அவன் சாப்பிட்டுக் கை கழுவி வந்து, பயணம் போகிற எல்லோரும் அந்த வீட்டில் செய்வது போலவே, கண்ணை மூடித் தலையைக் குனிந்து நின்றான். செண்பகம் அலமாரியிலிருந்து ஜெப எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். சுண்டு விரலில் தொட்டு அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். போகிற வழி, போய்ச் சேருகிற இடம், அந்த அறையில் இருக்கிறவர்கள் என்று ஜெபம் பண்ணினாள். எபினேசர் பெயர் வந்த இடத்தில் ஜெபம் நின்றுவிட்டது. ஏஞ்சல்தான் ஆமென் சொல்லி முடித்தாள்.

நோட்டுக் கட்டு மேசை மேல் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டிய செண்பகம், பாதியில் நிறுத்தினாள். ஐந்து வருஷம் அவன் வருவதற்காகச் சேர்த்த பணம், அவனை அங்கேயே விட்டுவிட்டு அவனிடமே திரும்பிப் போகிறது. சுண்டு விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். போதவில்லை என்று பின்கட்டுக்குப் போய், சோப்புப் போட்டு, இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவினாள். ஈரம் போகத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏஞ்சல்" என்றாள், "நீயே எடுத்துக் குடு."